எடுத்தானா, எடுத்தேனா

பொத்தான் சொல்லும் எந்த வாக்கியமும் முடியாது. "நாய் வந்து, கடிச்சு, ஓடி" என்பாள். அதோடு வாயை மூடிக்கொள்வாள். யார் வந்தது, யாரைக் கடித்தது, கடைசியில் யார் ஓடியது என்பதெல்லாம் கேட்கிறவர் பாடு. ஏழு வயது முடிந்துவிட்டது. மூன்று வயதில் அம்மாவின் மடியில் கிடந்த சட்டைப் பொத்தான் ஒன்றை விழுங்கி, இரண்டு நாள் வீட்டையே கக்கூஸ் வாசலில் காவல் இருக்க வைத்தவள் என்பதால் அந்தப் பெயர். விழுங்கின பொத்தான் வந்துவிட்டது, பேச்சுதான் இன்னும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அவள் அப்பா சொல்லிச் சிரிப்பார். அவர் இருந்தவரை அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அம்மாவுக்கு ஆயத்த ஆடை ஆலையில் வேலை. தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூலை வெட்டி, பொத்தான்கள் நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து அடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்ற கால். வியாழக்கிழமை மட்டும் காலை முறைக்கு மாற்றிக்கொண்டு, மத்தியானம் மகளைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவாள். பல் வைத்தியர் இடத்துக்கு மேல்மாடியில், குறுகலான படி ஏறிப் போனால் ஒரே ஓர் அறை. கீழே பல் குடையும் இயந்திரம் கிர்ரென்று ஆரம்பித்தால் மேலே தரை லேசாக அதிரும். அந்தச் சத்தத்துக்கு அழாத ஒரே பிள்ளை இவள்தான் என்று டீச்சர் மெச்சிக்கொண்டாள். அம்மாவுக்கு அது மெச்சுகிற விஷயமாகப் படவில்லை. இதைவிடப் பெரிய சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்ட காது அது.

டீச்சர் முதல் நாளே விளக்கிவிட்டாள். காது நன்றாகக் கேட்கிறது, புத்தியிலும் குறையில்லை. சொல்லைக் கோத்துக் கதையாக்குகிற இடத்தில்தான் சிக்கல். இந்த மாதிரிப் பிள்ளையிடம் என்ன நடந்தது என்று கேட்டால், கூடையைக் கவிழ்த்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிடும். எது முன்னே, எது பின்னே, எதனால் எது என்று அடுக்க வராது.

"வினைச்சொல்லுக்கு வால் உண்டும்மா. எடுத்தேன், எடுத்தான், எடுத்தா. வாலைப் பாத்தாதான் எடுத்தது யாருன்னு தெரியும். இவ வாலை விட்டுட்டு உடம்பை மட்டும் சொல்றா."

அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். ஊரில் ஆயிரம் சொல் இருக்க, உதாரணத்துக்கு இந்தச் சொல்தானா கிடைத்தது இந்த டீச்சருக்கு?

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூட விடுமுறையில், பொத்தானை அப்பாதான் தன்னோடு லாரிப் பட்டறைக்கு அழைத்துப் போய் வந்துகொண்டிருந்தார். பட்டறை முற்றம் கொஞ்சம் சரிவு. அன்றைக்கு அவர் ஒரு லாரிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருந்தது. வேலை முடிந்ததும் இழுத்துப் போடுவதற்காகக் கயிறு கட்டிய கட்டை. இரண்டு சக்கரத்துக்கு வைக்க வேண்டியதை ஒன்றுக்கு வைத்திருந்தார்; எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். பத்தடி தள்ளி அம்மாவின் தம்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, மண்ணெண்ணெய்யில் இரும்புச் சாமான் கழுவிக்கொண்டிருந்தான். கட்டை விலகியது. லாரி மூன்றடிதான் உருண்டது. மூன்றடி போதும்.

கட்டை நழுவிடுச்சு என்றான் தம்பி. பட்டறை முதலாளியும் அதையே சொன்னார். விசாரிக்க வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். பொத்தானை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் எதைச் சொல்ல?

ஆனால் அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மாதம் போயிருக்கும். தலை வாரிவிடும்போது, கண்ணாடியைப் பார்த்தபடி, யாரிடமோ பேசுகிற மாதிரி: "கட்டை எடுத்து. மாமா. லாரி." அம்மாவின் கையில் சீப்பு நின்றது. அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு தடவையாவது அது வரும். குளிக்கும்போது வரும். சோற்றைப் பிசையும்போது வரும். ஆலையில் நூறு இயந்திரம் ஓடுகிற இரைச்சலில் நின்றால்கூட அம்மாவுக்கு அது கேட்டது. எடுத்து, எடுத்து, எடுத்து. வால் இல்லாத சொல் அறுந்த பல்லிவால் மாதிரி தனியே துள்ளிக்கொண்டு கிடந்தது.

நழுவிய கட்டையை யாரும் 'எடுத்து' என்று சொல்ல மாட்டார்கள். பேச்சு வராத பிள்ளைக்குக்கூட அந்த வித்தியாசம் தெரியும். யாரோ எடுத்திருக்கிறார்கள். சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஏதோ சாமானைப் பொருத்தும்போது உடைத்துவிட்டான் என்று தம்பியை அவள் புருஷன் பட்டறை ஆட்களுக்கு முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தார். தம்பி அன்றைக்கு அக்கா வீட்டில் சாப்பிடவில்லை. அந்தக் காரியத்துக்குப் பிறகு அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்ததும் இல்லை. தினம் வருகிறான், தண்ணீர் தூக்கி வைக்கிறான், பொத்தானைத் தோளில் சுமக்கிறான், பேச்சுப் பயிற்சிக்கு வண்டியில் கொண்டுபோய் விடுகிறான். கண்ணை மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவள் தனக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். ஆனால் தீர்ப்புக்கு ஒரு வால் குறைந்தது. பள்ளிக்கூடத்துக்காகத்தான் பேச்சுப் பயிற்சி என்று எல்லாரிடமும் சொன்னாள். அது பாதிப் பொய். அந்த ஒரு சொல்லுக்கு வால் முளைக்கட்டும் என்றுதான் வாரா வாரம் அந்தப் படியை ஏறினாள்.

அறையின் தரையில் டீச்சர் மஞ்சள் நாடா ஒட்டி ஐந்து கட்டம் போட்டிருந்தாள். யார், எங்கே, என்ன ஆச்சு, ஏன், கடைசியில் என்ன. படத்தைக் காட்டி, பிள்ளை ஒவ்வொரு கட்டமாகக் கால் வைத்துக் கதை சொல்ல வேண்டும். பொத்தான் முதல் மூன்று கட்டத்தில் தட்டுத் தடுமாறி நடப்பாள். நான்காவதில் மட்டும் கால் வைக்க மாட்டாள். பள்ளத்தைத் தாண்டுகிற மாதிரி ஒரே தாவாகத் தாவி ஐந்தாவதில் போய் நிற்பாள். பானை உடைந்த படமானாலும், பட்டம் அறுந்த படமானாலும் அதே தாவல்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் 'ஏன்' கடைசியில்தான் வரும், அவசரமில்லை என்று டீச்சர் சொன்னாள்.

பிள்ளை சொல்லி முடித்தால் கூட வந்தவரும் அதே கட்டங்களில் நடந்து ஒரு கதை சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். கதைக்குக் கதை. அம்மா ஒவ்வொரு வாரமும் பால் பொங்கி வழிந்த கதையைச் சொன்னாள். டீச்சருக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

இன்னொன்றையும் டீச்சர் ஆரம்பத்திலேயே கண்டித்தாள். அம்மா மகளிடம் தந்தி அடிக்கிற மாதிரி பேசுகிறாளாம். தட்டு வை. செருப்பு போடு. முழு வாக்கியத்தைக் கேட்டால்தானே பிள்ளைக்கு முழு வாக்கியம் வரும்? நீளமாகச் சொன்னால் இவளுக்கு நடுவில் அறுந்துபோகிறது, அதனால் வீட்டில் எல்லாரும் ரெண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தானே ஏற்பாடு செய்ததாக அம்மா சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். டீச்சர் சிரித்துவிட்டு, இனிமேல் வேண்டாம் என்றாள்.

முதலில் முளைத்தது 'நான்' என்பதற்கு உரிய வால். என் கதை என்று டீச்சர் தொடங்கிவைத்தாள்: சாப்பிட்டேன், தூங்கினேன், வந்தேன். பொத்தானுக்கு அது பிடித்துப்போய், கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒட்டினாள். பஸ் வந்தேன். பூனை பால் குடிச்சேன். டீச்சர் தும்மினேன்.

"இனி வீட்டுல எல்லாமே இவதான்," என்றான் தம்பி, ஒரு நாள் வீடு வந்து சேர்ந்ததும். "மழைகூட இவதான் பெய்யுறா."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பொத்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "கட்டை எடுத்தேன்."

தம்பியின் முகம் வெளுத்ததை அம்மா பார்த்தாள். பொத்தான் நிறுத்தவில்லை. "லாரி ஓடினேன். அப்பா கத்தினேன்." எல்லாவற்றுக்கும் ஒரே வால். எடுத்ததும் அவள், உருண்டதும் அவள், கத்தியதும் அவள். பூனையாகப் பால் குடித்தவள் எது வேண்டுமானாலும் ஆவாள் என்று அம்மா மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அதுவரை ஒருவன் மேல் இருந்த சந்தேகம் இப்போது இரண்டு பேர் மேல் வந்து உட்கார்ந்தது. எடுத்தானா, எடுத்தேனா. சட்டைப் பொத்தானை இழுத்து இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் அதையே இழுத்துக்கொண்டிருந்தாள். எடுத்தான் என்று வரட்டும் என்று மனம் கெஞ்சியது. கூடப் பிறந்தவனைக் கொலைகாரனாக்கிக் கொடு என்று கெஞ்சுகிறோம் என்பதும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தே கெஞ்சினாள்.

இரண்டு மாதத்தில் வால்கள் தத்தம் இடத்துக்குப் போக ஆரம்பித்தன. பூனை குடிச்சுச்சு. அம்மா வந்தா. டீச்சர் சிரிச்சாங்க. பிள்ளை தேறிவருவதைப் பார்த்துப் பெற்றவள் சந்தோஷப்பட வேண்டும். இவளுக்கோ வியாழக்கிழமை நெருங்க நெருங்க ஆலையில் கத்தரி விரலில் பட்டது.

ஒரு வியாழக்கிழமை ஆலையில் அவசரச் சரக்கு, மேற்பார்வையாளர் விடவில்லை. தம்பியே பிள்ளையை அழைத்துப் போனான். மூன்று மணிக்கு மின்சாரம் போய் இயந்திரங்கள் நின்றதும் அவள் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். பல் வைத்தியரிடமும் மின்சாரம் இல்லை போலிருக்கிறது, கட்டடமே வாயடைத்துக் கிடந்தது. அதனால்தான் படி திரும்புகிற இடத்திலேயே மேலே பேசுவது கேட்டது. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தம்பி பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாமா எடுத்தான். சொல்லு."

"மாமா எடுத்தான்."

"கட்டையை மாமா எடுத்தான்."

"கட்டை மாமா எடுத்தான்."

"அவ்வளவுதான். யார் கேட்டாலும் இதான். திரும்பச் சொல்லு."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேட்க ஏங்கிய சொல், ஏங்கிய வாலோடு வந்துவிட்டது. ஆனால் அடுத்த வினாடியே சந்தேகம் வந்தது. தன்னைத் தானே அவன் இவன் என்று பேசி, தூக்குக் கயிற்றைத் தானே திரித்து, ஏழு வயதுப் பிள்ளை கையில் எவனாவது கொடுப்பானா?

அவள் மேலே போய் எதிரில் நின்றாள். எதற்கடா சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்டாள். தம்பி வழக்கம்போலத் தரையைப் பார்த்தான்.

"அவ வாயில வேற வந்துடக் கூடாதுக்கா."

பிள்ளையைப் பெஞ்சிலேயே விட்டு, படிப்பக்கம் நகர்ந்து, மீதியை அவன் தாழ்ந்த குரலில் துண்டு துண்டாகச் சொன்னான். சத்தம் கேட்டுத் திரும்பியபோது பிள்ளை நின்றுகொண்டிருந்தது. கையில் கயிறு. கயிற்று நுனியில் கட்டை. அழவில்லை, அசையவில்லை. ஆட்கள் ஓடி வருவதற்குள் கட்டையைப் பிடுங்கி லாரிக்கு அடியில் எறிந்துவிட்டான். நழுவிடுச்சு என்று முதலில் கத்தியவன் அவன்தான்.

"அவ கையிலேருந்து நான்தானே எடுத்தேன்? முழுப் பொய்யும் இல்லை."

ஏன் இழுத்தாள் என்று கேட்டாள் அம்மா. தெரியாது, விளையாட்டாக இருக்கும், கயிற்றைக் கண்டால் பிள்ளைகள் இழுக்கத்தானே செய்யும் என்றான். இத்தனை நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"நீ என்னைச் சந்தேகப்படறது தெரியும்க்கா. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். எனக்கு எருமைத் தோலு. அதுக்கு ஏழு வயசு."

அன்றைக்கு முதல் தடவையாக அவன் அவளை நேராகப் பார்த்தான். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவள்தான்.

கதவைத் திறந்த டீச்சர் முகமெல்லாம் மலர்ச்சி. வால்கள் சரியாகிவிட்டன, இன்றிலிருந்து நான்காவது கட்டம், 'அதனால' என்ற சொல்லைத் தொடங்குகிறோம் என்றாள். அந்த ஒரு சொல் பிடிபட்டுவிட்டால் பிள்ளை முழுக் கதை சொல்லும்.

அந்த வாரம் வீட்டில் நரகம். பொத்தான் 'அதனால'வைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தாள். பசிச்சுச்சு, அதனால சாப்பிட்டேன். கதவு மூடுச்சு, அதனால இருட்டு. தண்ணி கொட்டுச்சு, அதனால அம்மா திட்டினா. ஒவ்வொரு 'அதனால'வும் ஓர் அடி எடுத்து வைத்து அந்த முற்றத்தை நோக்கி நடப்பது அம்மாவுக்குத் தெரிந்தது. கட்டை எடுத்தேன், லாரி உருண்டுச்சு. நடுவில் அது ஒன்று போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி. உட்கார்ந்த பிறகு பிள்ளைக்குத் தான் யார் என்று தெரிந்துவிடும். பயிற்சியை நிறுத்திவிடு என்றான் தம்பி. ஊமையாவே இருந்தாலும் பரவாயில்லை, நிம்மதியா இருக்கும் என்றான். அவளும் இரண்டு நாள் அதையேதான் நினைத்தாள். ஆனால் பிள்ளை நிம்மதியாகவா இருந்தது? ஒன்றரை வருடமாக மூன்றாவது கட்டத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. விட்டால் ஆயுசுக்கும் அங்கேயே நிற்கும். வியாழக்கிழமை அவள் தம்பியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்து நடத்தியே கூட்டிப் போனாள்.

இன்றைக்குப் படம் கிடையாது, உன் கதையே சொல் என்றாள் டீச்சர்.

பொத்தான் முதல் கட்டத்தில் கால் வைத்தாள். "அப்பா." இரண்டாவதில் வைத்தாள். "பட்டறை." மூன்றாவதில் இரண்டு காலையும் சேர்த்து நின்றாள். "லாரி உருண்டுச்சு. அப்பா கத்தினாரு." டீச்சரின் சிரிப்பு சுருங்கியது, அம்மாவைப் பார்த்தாள். நிறுத்தட்டுமா என்று கேட்கிற பார்வை. கீழே இயந்திரம் கிர்ரென்றது. வேற கதை சொல்லும்மா என்ற மூன்று வார்த்தை அம்மாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"ஏன்னு சொல்லு," என்றாள். "அம்மா இங்கதான் இருக்கேன்."

பொத்தான் தாவவில்லை. நான்காவது கட்டத்துக்குள் மெல்ல ஒரு காலை வைத்து, இன்னொரு காலையும் எடுத்து வைத்தாள். பிறகு முகவாயை மார்பில் அழுத்தினாள். அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து கனத்த ஆண்குரல் ஒன்று வந்தது. மல்லாந்து படுத்திருக்கிறவன் முகவாய் மார்பில் அழுந்தப் பேசுகிற குரல், பீடிக் கரகரப்போடு, பெயரை இழுத்துக் கூப்பிடுகிற அதே இழுவையோடு.

"பொத்தா...ன். கட்டை எடு."

 செத்தவர் அந்த அறையில் பேசிவிட்டுப் போனார்.

"அப்பா சொன்னாரு," என்றாள் பொத்தான் தன் குரலில். "அதனால எடுத்தேன்."

விளையாட்டு இல்லை. சொன்னதைச் செய்த பிள்ளை. பட்டறைச் சுவரோரம் எப்போதும் நாலைந்து மரக்கட்டைகள் கிடக்கும், அடியில் வேலை செய்கிறவர்கள் முட்டுக் கொடுப்பதற்கு. அதில் ஒன்றைக் கேட்டிருக்கிறார். சுவரோரம் கிடக்கிற கட்டையில் ஒன்றை எடுத்துக் கொடு என்று வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் முழுசாகக் கேட்டிருப்பார். மகள் என்பதால், பெண்டாட்டி சொல்லிவைத்தபடி, ரெண்டே வார்த்தையில் கேட்டிருக்கிறார். பிள்ளை கண்ணுக்கு எட்டிய கட்டையை எடுத்திருக்கிறது.

டீச்சர் ஏதோ சொல்ல வந்தாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். கதைக்குக் கதை. செருப்பில்லாத காலோடு முதல் கட்டத்தில் போய் நின்றாள்.

"நான்," என்றாள். "வீட்டுல." மூன்றாவது கட்டத்தில், "உங்கப்பாகிட்டச் சொல்லி..." என்று தொடங்கி, அதற்கு மேல் வரவில்லை. "சொல்லி, அவர் கேட்டு, உன்கிட்ட வந்து..." பொத்தான் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு நான்காவது கட்டத்துக்குள், மகள் நிற்கிற இடத்துக்கே போய் உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் பிடித்தாள்.

"ரெண்டு வார்த்தையில பேசச் சொன்னது நான். அதனால அப்பா முழுசா சொல்லலை. அவரு சுவத்தோரம் கிடந்த கட்டையைக் கேட்டாரு. அது உனக்குத் தெரியலை. உம்மேல தப்பில்லைடி. நான்தான் சொன்னேன்."

அவ்வளவு நீளமாக அவள் மகளிடம் பேசியதே இல்லை. பொத்தானின் உதடுகள் அசைந்தன. கேட்டதைத் திரும்ப அடுக்கிப் பார்க்கிறாள். எந்தச் சொல் உள்ளே போகிறது, எது அறுந்து விழுகிறது என்று அம்மா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'தப்பில்லை' போகட்டும். 'நான்தான்' போகட்டும்.

"அப்பா," என்றாள் பொத்தான். "சுவத்தோரக் கட்டை கேட்டாரு."

"ஆமாடி கண்ணு."

வால் சரியாக இருந்தது. பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் அடுக்கினாள். நெற்றி சுருங்கியது. சாய்ந்த வெயில் மஞ்சள் நாடா மேல் விழுந்து கிடந்தது. பிறகு அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து, நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்:

"எடுக்கலை."

அம்மா காத்திருந்தாள். யார் என்று சொல்லும் வால் ஒன்று பின்னால் வரும் என்று காத்திருந்தாள். அந்தச் சொல்லுக்கு அப்படி ஒன்று கிடையாது. நான் எடுக்கலை, நீ எடுக்கலை, அவர் எடுக்கலை. எல்லாருக்கும் அது ஒன்றுதான். பொத்தான் வாக்கியத்தை முடித்துவிட்டாள். கைகளை உருவிக்கொண்டு ஐந்தாவது கட்டத்தில் போய் நின்றாள்.